மீசையில் ஒட்டிய தூள்

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் சரி.

அந்தப் பெயரைப் பரப்பியவர் அவனுடைய மாமனார். தீயணைப்பு நிலையத்தில் ரசாயன விபத்துகளுக்கென்று இருக்கும் குழுவுக்கு அவர் தலைவர். சிவப்பு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். வண்டியிலிருந்து ஆள் இறங்குவதற்கு முன்னால் குரல் இறங்கும். "மாப்பிள்ளை! சரக்கு வந்திருக்கு!" சரக்கு என்றால் நோயாளி. அந்தக் குரலுக்கு வார்டே திரும்பிப் பார்க்கும். கொஞ்ச நாளில் வாட்ச்மேன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அப்புறம் எக்ஸ்ரேக்காரர். கடைசியில் பெரிய டாக்டரம்மாவே, "நர்ஸ்னா எந்த நர்ஸ்? மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

மனைவி இறந்த பிறகு அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. நல்லெண்ணம்தான். ஒருவர் தம்பி என்றார், ஒருவர் பிரதர் என்றார், புதிதாக வந்தவர்கள் சார் என்றார்கள். அவன் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தான். மாமனாரும் விட்டுவிட்டதுதான் தாங்கவில்லை. இப்போதெல்லாம் அவர் வண்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொல்வார். "நர்ஸ் சார், ஒரு கேஸ்." அந்த 'சார்' அவனுக்குச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி இருந்தது. பெண்ணே போய்விட்ட பிறகு மாப்பிள்ளை ஏது என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா இது?

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. மகன் இருக்கும் ஊருக்குப் போய்விடப் போகிறார். அங்கே கடல் இருக்கிறதாம், காலையில் நடக்கலாமாம். வண்டி ஓட்டுநர்தான் சொன்னார். அதாவது, மாமனார் அவனிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு இருவரும் பார்த்துக்கொள்ள ஒரு காரணமும் இருக்காது. இதுவரை இருந்த காரணம் ஒரு சண்டை.

சண்டை கழுவுவதைப் பற்றியது. எங்காவது அமிலம் கொட்டினால், பூச்சிமருந்து கசிந்தால், மாமனாரின் ஆட்கள் அங்கேயே பாதிக்கப்பட்டவர்களைக் கழுவி, மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டி அனுப்புவார்கள். கழுவியாயிற்று என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அவன் அந்தப் பட்டையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து கழுவுவான். ஆஸ்பத்திரி விதி அது. ஒருவர் உடம்பில் ஒட்டியிருப்பது உள்ளே வந்தால் வார்டு முழுக்கப் படுக்க வேண்டியதுதான்.

"நான் கழுவி அனுப்பினவன மறுபடி கழுவுறீங்கன்னா, என் வேலைய நீங்க நம்பலன்னு அர்த்தம்" என்பார் மாமனார்.

"உங்கள நம்பறேன். தண்ணிய நம்பலை" என்பான் அவன்.

அவள் இருந்தபோது இந்த வழக்கு சாப்பாட்டு மேஜைக்கு வரும். இருவரும் அவளிடம் நியாயம் கேட்பார்கள். அவள் இடது காது மடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இழுத்து இழுத்து யோசிப்பாள். இழுத்த இழுப்பில் அந்தக் காதுக் கம்மலின் திருகாணி மாதம் ஒன்று தொலையும். "அந்தக் காத விடு, ஒரு நாள் தோள்ல வந்து உட்காரப் போகுது" என்று அப்பா அதட்டுவார். அவள் கடைசியில் தீர்ப்பு சொல்வாள். "ரெண்டு பேரும் கைய ஒழுங்கா கழுவிட்டு வந்தீங்களா? அத முதல்ல சொல்லுங்க."

அவள் போன பிறகும் சண்டை நின்றுவிடவில்லை. சூடு மட்டும் குறைந்துவிட்டது. மரியாதையாகச் சண்டை போட்டார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை.

அன்றைக்குக் கூட்டு ஒத்திகை. ஓய்வு பெறுவதற்கு முன் மாமனார் கலந்துகொள்ளும் கடைசி ஒத்திகை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்கள் திரும்பும் இடத்தில் நீலக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அழுக்காக நுழைந்து மறுபக்கம் சுத்தமாக வெளியே வரவேண்டும். வெளியே வரும் இடத்தில் தரையில் சிவப்புக் கோடு. சுத்தமாகாத யாரும் அதைத் தாண்டக் கூடாது, கடவுளே வந்தாலும்.

பெரிய டாக்டரம்மா கையில் ஒரு டப்பாவோடு வந்தார். அதில் வெள்ளைத் தூள். உடம்பில் பூசினால் பகலில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் ஊதா விளக்கடித்தால் பச்சையாக மினுங்கும்.

"வருஷக்கணக்கா ரெண்டு பேரும் வாயால சண்டை போட்டாச்சு" என்றார். "இன்னைக்கு விளக்கு பேசட்டும். முதல்ல தீயணைப்பு கழுவும். விளக்கடிச்சுப் பார்ப்போம். அப்புறம் ஆஸ்பத்திரி கழுவும். மறுபடி பார்ப்போம். கடைசியில கழுவினவங்களையும் பார்ப்போம்."

நோயாளிகளாக நடிக்க நர்சிங் மாணவிகள் சிலரும் பில் கவுண்டரில் உட்காரும் கேஷியரும் வந்திருந்தார்கள். கேஷியரை யாரும் அழைக்கவில்லை. அவராகவே பெயர் கொடுத்திருந்தார்.

"டாக்டரம்மா, எனக்கு எந்தக் கால்?" என்றார்.

"எந்தக் கால்னா?"

"நொண்டறதுக்கு."

"உங்களுக்குக் கால்ல ஒண்ணுமில்ல. மேல தூள் பட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டு காலையும் நொண்டறேன். எதுக்கும் இருக்கட்டும்."

தூள் பூசியதும் அவர் இரண்டு கால்களையும் இழுத்து இழுத்து நடந்து போய், தீயணைப்பு வண்டிக்கு முன்னால் விழுந்து, "ஐயோ, எம் புள்ளைங்கள யாரு பாத்துப்பாங்க" என்று கதறினார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மாமனார் முழு உடையில், முகமூடிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். இரண்டு குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன. கேஷியரின் கதறல் இன்னும் ஒரு சுதி ஏறியது.

"நடிப்பு பிரமாதம்!" என்றார் ஒரு தீயணைப்பு வீரர்.

"நடிப்பு இல்லய்யா! குளிருது!"

நிமிடத்தில் முடிந்துவிட்டது. பச்சைப் பட்டைகள் கட்டப்பட்டன. ஆஸ்பத்திரி மலருக்குப் படம் எடுக்க அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண், "சார், நீங்கதான் தலைவர்ங்கறாங்க. முகமே தெரியலையே?" என்றாள். அவ்வளவுதான். மாமனார் முகமூடியைக் கழற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, மீசையின் இரண்டு நுனிகளையும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு நின்றார். படம் நன்றாக வந்திருக்க வேண்டும்.

ஜன்னல்களுக்குக் கருப்புத்துணி போட்ட சாமான் அறையில் விளக்கடித்தார்கள். விளக்கைப் பிடித்தவள் அவனோடு வேலை செய்யும் நர்ஸ். எந்நேரமும் சோப்புத் தண்ணீர் வாளியோடு அலைவதால் அவளுக்குச் சோப்பு என்றே பெயர். கேஷியரின் கைகால், முதுகு எல்லாம் இருட்டாகத்தான் இருந்தன. ஆனால் காதுகளுக்குப் பின்னால் பச்சை. விரல் இடுக்குகளில் பச்சை. கையைத் தூக்கச் சொன்னதும் அக்குளில் ஒரு சின்னத் தோட்டமே தெரிந்தது.

"இம்மியளவுதானே" என்றார் மாமனார்.

"பச்சத்தண்ணி பட்டா ஆளு உடம்பைக் குறுக்கிப்பான்" என்றான் அவன். "கைய இறுக்கிக்குவான், கழுத்த உள்ள இழுத்துப்பான். மூடின இடத்துக்குள்ள தண்ணி போகாது."

"விபத்து நடந்த இடத்துல அடுப்பு மூட்டி வெந்நீர் போடச் சொல்றீங்களா, நர்ஸ் சார்?"

தீயணைப்பு ஆட்கள் சிரித்தார்கள். அவனிடம் பதில் இருந்தது. அந்த 'சார்' அதைச் சொல்ல விடவில்லை. போய்த் தன் உடையை மாட்டிக்கொண்டான். முழு உடை, முக்காடு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, இரண்டு ஜோடி கையுறை.

கூடாரத்துக்குள் அவன் வேறு ஆள். தலைவழியாகத் துணியைக் கழற்ற விடமாட்டான், முகத்தில் பட்டுவிடும். முன்பக்கமாகக் கத்தரித்து, உள்பக்கம் வெளியே வரச் சுருட்டி, பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டான். கேஷியர் உள்ளே கால்சட்டை போட்டிருந்தார், நல்லவேளை. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்குள் வழியாமல், மேலிருந்து கீழே. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் விரலாக. அழுத்தித் தேய்க்கவில்லை. தேய்த்தால் தோலுக்குள் இறங்கும். ஸ்பாஞ்சால் ஒற்றியும் வழித்தும் எடுத்தான்.

கேஷியர் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார். "தம்பி, இந்த ஒத்திகையை வாராவாரம் வைக்கக் கூடாதா?"

"பேசாதீங்க. நீங்க மயக்கத்துல இருக்கீங்க."

"நெஜமாவே மயக்கமாத்தான் வருது."

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரம்மா என்னவோ கேட்டார். முக்காட்டுக்குள் ஒன்றும் காதில் விழவில்லை. அவன் முக்காட்டைப் பின்னால் தள்ளினான். "என்ன டாக்டர்?"

"கழுவின தண்ணி எவ்வளவு சேர்ந்திருக்கு? தொட்டி தாங்குமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பாதி நிறைஞ்சிருக்கு. இன்னும் அஞ்சாறு பேருக்குத் தாங்கும்." முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டான்.

இரண்டாவது முறை விளக்கடித்தபோது கேஷியர் அடியோடு இருட்டாக இருந்தார். அக்குள்கூட. அவர் இருட்டுக்குள்ளேயே கைதட்டிக்கொண்டார். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"சரி. கழுவினவங்க வாங்க" என்றார் டாக்டரம்மா.

"முதல்ல நான்" என்றார் மாமனார். அவரும் அவர் ஆட்களும் உடையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். முப்பது வருஷத் தொழில் என்று அவருடைய நடையே சொல்லியது. இருட்டறையில் போய் நின்று கைகளை விரித்தார். விளக்கு கால், கை, மார்பு என்று ஏறியது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. முகத்துக்கு வந்தது.

அந்தரத்தில் ஒரு பச்சை மீசை தெரிந்தது.

முறுக்கிய இரண்டு நுனிகளும் கொம்பு மாதிரி மேலே பார்த்துக்கொண்டு ஜொலித்தன. பிறகு, "அண்ணே, மீசைக்கு மட்டும் கரண்ட் வந்திருச்சு" என்று அவருடைய ஓட்டுநரே சொல்லிவிட்டார். அறை கொல்லென்று சிரித்தது. சோப்பு விளக்கைப் பிடிக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள்.

"படம் எடுத்தப்ப" என்றார் மாமனார், பரிதாபமாக. "அந்தப் பொண்ணு கேட்டுச்சேன்னு..."

"கையுறையோட முறுக்கியிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "அமிலமா இருந்தா இந்நேரம் மீசை இருந்த இடம் மட்டும்தான் இருக்கும். கூடாரத்துக்குப் போங்க."

"நானே கழுவிக்கறேன்."

"உங்க மீசை உங்க கண்ணுக்குத் தெரியுமா? நர்ஸ், கூட்டிட்டுப் போப்பா."

மாமனார் வெளியே வந்து, தரையில் கிழித்திருந்த கோட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கூடாரத்துக்குள் போனார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்தபோது அவர் சின்னதாகிப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் இப்படி உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது, சுவரைப் பார்த்தார். அது சுவர்கூட இல்லை, நீலத் துணி. அவன் அவருடைய நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தான்.

"வாய மூடிக்கோங்க மாமா. உள்ள போயிடும்."

அவன் மாமா என்று கூப்பிடுவதை விட்டிருக்கவில்லை. அவர்தான் பதிலுக்கு மாப்பிள்ளை என்பதில்லை. வாயை மூடிக்கொண்டார். முறுக்கு அவிழ்ந்து மீசை தொங்கியது. மயிர் மயிராகக் கழுவினான். அப்படியே புருவம், காதுக்குப் பின்னால், கழுத்து.

"தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அவரைப் பொறுத்தவரை அது சரணாகதி.

"அடுத்த மாசம் கிளம்பறீங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஓட்டுநர்."

"அவன் வாய்ல ஒண்ணும் தங்காது." மறுபடி நீலத் துணியைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு... சொல்ற உறவுமுறை இன்னும் இருக்கான்னு தெரியல, நர்ஸ் சார்."

அவன் ஸ்பாஞ்சைப் பிழிந்தான். கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "கண்ண மூடுங்க. சோப்பு எரியும்."

அவரைத் துடைத்து, காகித உடுப்பு ஒன்றை மாட்டிவிட்டு அனுப்பினான். தன் உடையை முறைப்படி கழற்றினான். மேல் கையுறை, உடை, கண்ணாடித் தடுப்பு, உள் கையுறை. ஒன்றிலும் தப்பில்லை. இருவரும் சாமான் அறைக்குள் போனார்கள். சோப்பு கதவைச் சாத்தினாள்.

மாமனாரின் மீசை இருட்டில் மறைந்துபோனது. "சுத்தம்" என்றாள். "நீங்க வாங்க சார்."

விளக்கு அவன் கைகளில் விழுந்தது. இருட்டு. மார்பு, கழுத்து, முகம். இருட்டு. அவன் நகரப் பார்த்தான்.

"நில்லுங்க."

அறையில் ஆளே தெரியவில்லை. இடது காது மடலின் நுனி மட்டும், ஒற்றைக் கம்மல் மாதிரி, பச்சையாகத் தொங்கியது.

"எப்ப சார் காதத் தொட்டீங்க?" என்றாள் சோப்பு.

"நான் தொடலையே."

"முன்னால கட்டைவிரல், பின்னால ஆள்காட்டி விரல். பிடிச்சு இழுத்திருக்கீங்க. டாக்டரம்மா தொட்டி கேட்டாங்களே, அப்பவா இருக்கும். யோசிச்சா உடனே காதப் பிடிச்சிருவீங்களே."

"நானா?"

"தெரியாதா? நான் வேலைக்குச் சேந்ததிலேர்ந்து பாக்கறேன். வார்டுக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு யோசிக்கிறவன் இல்லை. இந்தப் பழக்கம் எப்போது வந்து ஒட்டியது என்று நினைத்துப் பார்த்தான். சாப்பாட்டு மேஜையில் அவளும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்த அத்தனை நாட்களில் ஒரு நாளாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. சோப்பு விளக்கை அணைக்கப் போனாள்.

"அணைக்காதம்மா" என்றார் மாமனார். "கொஞ்சம் இரு."

பச்சைக் கம்மல் அசையாமல் தொங்கியது. காகித உடுப்பு சரசரத்தது. அவர் ஒரு அடி கிட்டே வந்திருந்தார்.

"அந்தக் காத விடு" என்றார். "தோள்ல வந்து உட்காரப் போகுது." அப்புறம்தான் யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்தது போல, "விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

சோப்பு மூக்கை உறிஞ்சிவிட்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க. எனக்கு இன்னும் ஆள் பாக்கி இருக்கு" என்றாள்.

விதி எல்லோருக்கும் விதிதான். இப்போது அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். மாமனார் கழுவியே தீருவேன் என்று அடம்பிடித்தார். சுத்தமானவர் திரும்ப உள்ளே போவதாக இருந்தால் முழு உடையும் மாட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை மீசைப் பக்கம் கை போகவில்லை. ஒரு காது மடலைக் கழுவ விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி வந்து நின்றார்.

தண்ணீரைக் கையுறைமேல் விட்டுச் சூடு பார்த்தார். ஸ்பாஞ்சைக் காதருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தேய்ங்க மாமா" என்றான் அவன். "தூள்தானே."

தேய்த்தார். முன்னால், பின்னால், மடிப்பில். அலசினார். அலசிவிட்டு மறுபடி சோப்பு போட்டார்.

"அதான் கழுவியாச்சே?"

"கழுவினதா இருந்தாலும் மறுபடி ஒரு தடவை கழுவணும். எங்க மாப்பிள்ளை அப்படித்தான் சொல்லுவாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்குள் சோப்பு போனது. துப்பிவிட்டு, கேட்க நினைத்ததைக் கேட்டான். "அங்க போயிட்டா?"

"போயிட்டா என்ன? தீயணைப்புலதான் ஓய்வு குடுக்கறாங்க. மாமனார் வேலையிலேர்ந்து எவன் ஓய்வு குடுக்கறது?" முகமூடியின் கண்ணாடி பனித்திருந்தது. உள்ளே சூடு. "கடல் இருக்கு மாப்பிள்ளை. லீவு போட்டுட்டு வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கடல்ல வெந்நீர் கிடையாது."

சாயங்காலம் கூடாரத்தைப் பிரித்தார்கள். கேஷியர் பில் கவுண்டருக்கு நொண்டிக்கொண்டே போனார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சிவப்பு வண்டி கிளம்பி, வாசலில் திரும்பும்போது, ஜன்னல் வழியே பழைய குரல் வந்தது. ஆஸ்பத்திரியின் அந்தக் கோடிவரை கேட்டது.

"மாப்பிள்ளை! ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துருங்க! கை கழுவத் தண்ணி சுட வச்சிருக்கேன்!"

வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். எக்ஸ்ரே அறையின் ஜன்னல் திறந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு டியூட்டி என்று யோசித்தபடி படி ஏறினான்.

"மாப்பிள்ளை" என்றார் வாட்ச்மேன், தயங்கி, சரியாகத்தான் சொல்கிறோமா என்ற சந்தேகத்தோடு. பிறகு சத்தமாக, "கை காதுல இருக்கு பாருங்க!"

"இருக்கட்டும் விடுங்க" என்றான் அவன்.